துளை திறந்த இடத்துக் கல்

1996 ஏப்ரல் 14
ஹிதா மலை, சுரங்கப்பாதைப் பணியிடம்

அன்புள்ள அக்காவுக்கு,

ஏப்ரல் பாதி வந்தும் இங்கே கூரையிலிருந்து பனி சரிந்து விழுகிறது. கனசாவாவில் செர்ரி பூத்து உதிர்ந்தே போயிருக்கும். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? பள்ளிச் சமையற்கூடத்தில் அந்தப் பெரிய அண்டாக்களை இன்னும் நீதான் தூக்குகிறாயா? வயதில் சிறியவர்களிடம் விடு.

என் புதிய முகவரி மேலே இருக்கிறது. தகரப் பலகைகளைச் சேர்த்துப் பூட்டிய விடுதி. பக்கத்து அறைக்காரர் இருமினால் என் போர்வை அசைகிறது. மலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து நாங்கள் குடைகிறோம், அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு கம்பெனி குடைகிறது. நடுவில் எங்கோ சந்திக்க வேண்டும். எனக்குத் துணைத் தள மேலாளர் என்று பெயர். ஐம்பத்து நான்கு வயதில், பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் படித்துவிட்டு, காலையில் வானொலி இசைக்குக் கைகால் நீட்டி உடற்பயிற்சி செய்யும் தொழிலாளர்கள் எல்லாரும் தலைக்கவசப் பட்டையைக் கட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பது என் வேலை. மேசையை ஜன்னலோரம் போட்டுக்கொண்டேன். அங்கிருந்து வாயிற்கதவும் காவலர் கூண்டும் தெரியும். யார் வந்தாலும் போனாலும் எனக்குத் தெரியாமல் நடக்காது. இந்த ஊரில் இருக்கிற ஒரே பொழுதுபோக்கு அதுதான்.

கம்பெனிப் பத்திரிகை இங்கேயும் வருகிறது. ஒரிகாசா நிர்வாக இயக்குநர் ஆகிவிட்டார். அட்டையில் அவர் படம். பல் தெரியச் சிரிக்கிறார்.

அசுசாவைப் பற்றி எழுதாதே. மற்ற எல்லாவற்றையும் எழுது.

உன் தம்பி
யசுஹிகோ


1996 மே 29
கனசாவா

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. மழைக்காலம் தொடங்கப் போவது என் முட்டிக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. மற்றபடி நலம். அண்டாவை இப்போது இரண்டு பேர் தூக்குகிறோம், சரிதானே? நீ மலையில் ஊறுகாயையும் சாகே மதுவையும் மட்டும் வைத்து வயிற்றை நிரப்பாதே. வறுத்த தேயிலை தனியாக அனுப்பியிருக்கிறேன்.

எழுதாதே என்றாய். எழுதத்தான் போகிறேன். உன் மகள் கர்ப்பமாக இருக்கிறாள். டிசம்பர் கடைசியில் பிறக்குமாம்.

தொயாமாவிலிருந்து போன வாரம் வந்திருந்தாள். சாதம் வெந்த வாசனையே ஆகவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். திடீரென்று, "அத்தை, அப்பா வேலை செய்யற சுரங்கம் எப்ப திறக்கும்?" என்று கேட்டாள். "ஏன்டி?" என்றேன். "ரெண்டு பக்கமும் சந்திக்கிற இடத்துல கல்லு எடுப்பாங்கல்ல, பிரசவத்துக்கு நல்லதுன்னு. அம்மா கையில வச்சிருந்தாங்களே. எனக்கும் ஒண்ணு வேணும். நான் கேட்டா தரமாட்டார். நீங்க கேளுங்க" என்றாள்.

அவள் பிறக்கும்போது நீ கொண்டுவந்த கல் என் கண்ணிலேயே நிற்கிறது, யசு. அவள் அம்மா சாயோ வலியெடுத்தபோது உள்ளங்கை சிவக்க அதைப் பிடித்திருந்தாள். சாயோ இறந்ததும் அதை அவள் அஸ்தியோடு வைத்துவிட்டாய். ஆகவே புதிதாக ஒன்று வேண்டும். கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
தொமோயே


1996 ஜூன் 23
ஹிதா

அன்புள்ள அக்காவுக்கு,

தேயிலை வந்தது. நன்றி. நான் நலம். இங்கே மழை நின்றால் கொசு, கொசு நின்றால் மழை.

ஒரிகாசா வீட்டு வாரிசுக்கு நான் கல் பொறுக்க வேண்டும் என்கிறாய்.

உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்காது. எந்த டெண்டர் எந்தக் கம்பெனிக்கு என்று முன்கூட்டியே பேசி முடிக்கும் விருந்துகளுக்கு என்னை அனுப்பியவர் அவர். "சிண்டிகேட்டுனு ஒண்ணும் இல்ல யசுஹிகோ, எல்லார் வீட்லயும் அடுப்பெரியணும், அவ்வளவுதான்" என்பார். பன்னிரண்டு வருடம் மற்றக் கம்பெனிக்காரர்களுக்கு நான் சாகே ஊற்றிக் கொடுத்தேன். அரசு வழக்கறிஞர்கள் வந்ததும், "அவன் தன்னிஷ்டத்துக்குச் செஞ்சது, எனக்கு எதுவும் தெரியாது" என்று சொல்லிவிட்டார். தீர்ப்புக்குப் பிறகு வராந்தாவில் என் தோளைத் தட்டி, "ரெண்டு வருஷம் பொறுத்துக்கோ, திரும்பக் கூப்பிட்டுக்கறேன்" என்றார். கூப்பிட்டார், கிளைக் கம்பெனி வழியாக இந்த மலைக்கு.

தீர்ப்பு வந்த அதே ஆண்டு என் மகள் அவர் மகனைக் கட்டிக்கொண்டாள். ஒரே கம்பெனிக் குடியிருப்பில் வளர்ந்தவர்களாம், சின்ன வயதுப் பழக்கமாம். பையன்கள் அந்த ஒரு வீட்டில் மட்டும்தான் பிறந்தார்களா?

சாயோவை நினைத்துப் பார். நான் சுரங்கத்தில் இருந்தபோது அவள் அப்பா இறந்தார். துளை திறக்கும்வரை என்னிடம் மூச்சு விடவில்லை. "உள்ள இருக்கறவங்களுக்குக் கெட்ட சேதி சொல்லக்கூடாது, மனசு கலைஞ்சா கை தப்பும்" என்பாள். அவள் பெற்ற பெண்ணுக்கு அந்தப் பொறுமையில் பாதியாவது இருந்திருக்கலாம்.

அக்டோபரில் துளை திறக்கும் என்கிறார்கள். பாறை நல்ல பாறை. தகவலுக்காகச் சொல்கிறேன். வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே.

யசுஹிகோ


1996 ஆகஸ்ட் 18
கனசாவா

அன்புத் தம்பிக்கு,

கடும் வெயில். நீ சுகந்தானே? மலையில் இரவானால் குளிரும் என்று வானொலியில் சொன்னார்கள்.

முன்னோரைக் கும்பிடும் ஓபோன் நாட்களில் சாயோவின் கல்லறைக்குப் போனோம், நானும் அசுசாவும். குனிய முடியாததால் நின்றபடியே தண்ணீர் ஊற்றினாள். ஐந்தாம் மாதத்தில், பஞ்சாங்கத்து நாய் நாளன்று நான்தான் அவளுக்கு வயிற்றுத்துணி கட்டிவிட்டேன். நாய் மாதிரி சுலபமாகப் பெற்றுவிட வேண்டுமாம். "லொள்ளுன்னு குரைச்சுக் காட்டட்டுமா அத்தை?" என்று சிரிக்கிறாள். சாயோவின் சிரிப்பேதான். இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உப்பைக் குறைத்திருக்கிறோம்.

இன்னொன்றையும் உனக்குச் சொல்ல வேண்டும். உன் மருமகன் ரியோஹேய் தன் அப்பாவின் கம்பெனியில் சேரவில்லை. இரண்டு வருடமாகத் தொயாமாவில் தொழிற்பள்ளி வாத்தியார். உன் வழக்கு முடிந்த அன்றிலிருந்து அப்பாவும் மகனும் பேசுவதில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

கல்லைப் பற்றி நீ முடியாது என்று எழுதவில்லை. அக்டோபர் என்று மட்டும் எழுதியிருக்கிறாய். நானும் அசுசாவிடம் அக்டோபர் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

தொமோயே


1996 செப்டம்பர் 20
ஹிதா

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் முட்டிக்கு இங்கே ஒரு கிழவி விற்கும் மூலிகைத் தைலம் அனுப்புகிறேன். நாற்றம் தாங்காது. வேலை செய்கிறதா என்று பார்.

அக்டோபரில் திறக்காது. பாறைக்குள் தண்ணீர் கண்டுவிட்டது. ஆறு பக்கவாட்டில் பாய்வதுபோல் கொட்டுகிறது. குடைவதை நிறுத்திவிட்டு நீரை வெளியேற்றுகிறோம். தலைமையகத்திலிருந்து தினமும் போன் வருகிறது. மலைக்குப் போன் போட்டுப் பேசச் சொன்னேன். அதற்கும் கோபம்.

மேஸ்திரி இவாமாவிடம் கல்லைப் பற்றிக் கேட்டேன். கேட்டேன் என்று அவளிடம் சொல்லாதே. இவாமா பழைய காலத்து ஆள். காலையில் சோற்றில் சாறு ஊற்றிச் சாப்பிட மாட்டார், மலை சரியுமாம். உள்ளே யாராவது விசிலடித்தால் கல்லை விட்டெறிவார். போன வருடம் அரசு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி அளக்க வந்தாராம். மலைத் தெய்வம் பெண், இன்னொரு பெண் உள்ளே வந்தால் பொறாமைப்படுவாள் என்று ஆட்கள் எல்லோரும் கருவிகளைக் கீழே போட்டுவிட்டார்களாம். அந்த அம்மாள் வாயிலிலேயே தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனாராம். நான் படித்தவன், சிரித்தேன். இவாமா சிரிக்கவில்லை. "கல்லு யாருக்குங்க?" என்றார். "தெரிஞ்சவங்களுக்கு" என்றேன். "எடுக்கறப்ப அவங்க முகத்தை மனசுல வச்சுக்கணும், இல்லன்னா அது வெறும் கல்லு" என்றார்.

அந்த வாத்தியார் விஷயம் படித்தேன்.

யசுஹிகோ


1996 அக்டோபர் 19
கனசாவா

அன்புத் தம்பிக்கு,

தைலம் வேலை செய்கிறது. பள்ளியில் யாரும் என் பக்கத்தில் நிற்பதில்லை, அதுவும் ஒரு நன்மைதான். உன் இருமல் எப்படி? நீ எழுதவில்லை, ஆனால் உனக்கு இலையுதிர்காலத்தில் இருமல் வரும் என்று எனக்குத் தெரியும்.

சுருக்கமாக எழுதுகிறேன். அசுசா உன்னைப் பார்க்க வருகிறாள். இந்த மாதக் கடைசியில், ரியோஹேய் பள்ளியில் இருக்கிற ஒரு நாளாகப் பார்த்து. தடுத்துப் பார்த்தேன். "ரயில் நேரா போகுது அத்தை, அங்கேருந்து பஸ்ஸு. அஞ்சு நிமிஷம் நின்னுட்டு வந்துடறேன். ஒரு விஷயம் என் வாயால சொல்லணும், போன்ல சொன்னா வச்சுடுவார்" என்கிறாள். என்ன விஷயம் என்று என்னிடமும் சொல்லவில்லை. மெதுவாகப் போனால் போகலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டாராம்.

நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. ஒரு வாய் சூடாகத் தேநீர் கொடு. அது போதும். மன்னிக்கவெல்லாம் வேண்டாம், யசு. தேநீர் கொடு.

தொமோயே


1996 நவம்பர் 2
ஹிதா

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். மலை உச்சியில் முதல் பனி விழுந்துவிட்டது. விடுதிக் குப்பைத் தொட்டியைக் கரடி கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறது. தண்ணீர் வடிந்து குடைவதைத் திரும்பத் தொடங்கிவிட்டோம். அந்தப் பக்கத்துக்காரர்கள் வெடிவைக்கும்போது நம் பக்கத்துப் பாறை உறுமுகிறது. காதை வைத்தால் கேட்கிறது. டிசம்பர் முதல் வாரத்தில் திறந்துவிடும் என்பது இவாமாவின் கணக்கு. தலைமையகத்தில் அவரவருக்கு ஒரு கணக்கு இருக்கிறது, அதை யாரும் நம்புவதில்லை.

நீ சொன்ன ஆள் வந்ததாகக் காவலர் மிசோகுச்சி சொன்னார். நான் அப்போது உள்ளே, வெகுதூரம் உள்ளே இருந்தேன். துளை திறக்கும்வரை பெண்களை அனுமதிப்பதில்லை என்பது இங்குள்ள விதி. நான் போட்ட விதியும் இல்லை. மழையும் பனியுமாகக் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட நாளில் குடையில்லாமல், சாம்பல் நிறக் கோட்டின் பொத்தானைக்கூடப் போட முடியாமல் வந்து நிற்பது யாருடைய யோசனை? கையுறையைக் கழற்றிப் பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். நாலு மணி பஸ்ஸில் போய்விட்டாளாம்.

கல்லை அனுப்புகிறேன். துளை திறந்த அன்றே அனுப்புகிறேன். அவளிடம் சொல்.

யசுஹிகோ


1996 டிசம்பர் 9
ஹிதா

அன்புள்ள அக்காவுக்கு,

குளிர் கூடிவிட்டது. நலமா? நவம்பரில் உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. முட்டி மோசமாகிவிட்டதா? பண்டிகை நேரத்துச் சமையல் வேலையா? போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது.

துளை திறந்துவிட்டது. முந்தாநாள் காலை. கடைசிப் பாறை உதிர்ந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து காற்று வந்தது. அந்தப் பக்கத்து ஊரின் காற்று, வாசனையே வேறு. ஓட்டை வழியாக ஒரு கை நீண்டது. இவாமா பிடித்துக் குலுக்கினார். "என்னப்பா, இவ்ளோ நாளா எங்க போயிருந்தீங்க?" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் கேட்டது. "உங்களுக்கு வழி தெரியாதுன்னு நாங்களே வந்தோம்" என்றார் இவாமா. எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். சாகே பீப்பாயை உடைத்தார்கள். இருபது வருடமாக நான் டெண்டர் மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். இந்தக் காற்றை மறந்தே போயிருந்தேன்.

தலைமையகத்து ஆட்கள் விருந்தினர்களுக்குக் கல் பொறுக்க வருமுன் நான் குனிந்து ஒன்றை எடுத்தேன். நீ கேட்பாய், சொல்லிவிடுகிறேன்: முகத்தை மனசில் வைத்துக்கொண்டுதான் எடுத்தேன். பெரிய பெண்ணின் முகம் வரவில்லை. குளித்துவிட்டு வந்து முடியைத் துவட்டச் சொல்லி என் முன்னே உட்காருவாளே, அந்த வயது முகம்தான் வந்தது.

கழுவி, பஞ்சில் வைத்து இத்துடன் அனுப்புகிறேன். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. உடனே அவளிடம் கொடு. புது வருட விடுமுறைக்குக் கீழே இறங்கி வரலாம் என்று நினைக்கிறேன். தொயாமா வழியாக.

யசுஹிகோ


1997 ஜனவரி 12
கனசாவா

தம்பிக்கு,

புது வருட வாழ்த்து இல்லாமல் தொடங்குகிறேன். துக்க வீட்டில் வாழ்த்துவதில்லை.

அசுசாவின் குழந்தை நவம்பர் ஐந்தாம் தேதி பிறந்தது. அழவில்லை. நஞ்சுக்கொடி முன்பே பிரிந்துவிட்டது, இரத்த அழுத்தத்தால் அப்படி ஆவதுண்டு, மலைக்குப் போய்வந்ததால் இல்லை என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். நம்புவது உன் பாடு. என் பாட்டை நான் படுகிறேன், அவளைத் தடுத்து நிறுத்தாமல் விட்டவள் நான்.

உன் நவம்பர்க் கடிதம் வந்தபோது நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஏன் பதில் எழுதவில்லை என்று கேட்கிறாய். அசுசா எழுதவிடவில்லை. மயக்கம் தெளிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான். "அப்பா இன்னும் உள்ள இருக்காரு அத்தை. துளை திறக்கற வரைக்கும் சொல்லிடாதீங்க. மனசு கலைஞ்சா கை தப்பும்." சாயோ சொல்வது அப்படியே. அந்தப் பொறுமையில் பாதிகூட இல்லை என்று நீ எழுதியிருந்தாய். போன் அடித்தபோதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். துளை திறந்தது என்று உன் கடிதம் வந்த பிறகும் எனக்குக் கை வரவில்லை. அதில் நீ சந்தோஷமாக இருந்தாய். நீ சந்தோஷமாக எழுதி எத்தனை வருடம் ஆகிறது! விடுமுறையில் உங்கள் பக்கம் பனிச்சரிவால் பாதை அடைபட்டது என்று கேட்டு, உன்னிடம் சொல்வது ஒரு வாரம் தள்ளிப்போயிற்று என்று நிம்மதிப்பட்டேன்.

வாயிலில் நடந்ததை அவள் எனக்குச் சொன்னாள். கூண்டிலிருந்து காவலர் உனக்குப் போன் போட்டாராம், உன் குரல் அவளுக்கே கேட்டதாம். "ஐயா, உங்க பொண்ணுன்னு சொல்றாங்க." "பொம்பளைங்கள உள்ள விடறதில்லைன்னு தெரியாதா உனக்கு?" "உள்ள வரலைங்க ஐயா. நீங்க வெளிய வந்தா போதுமாம்." நீ போனை வைத்துவிட்டாய். தேநீர் மிசோகுச்சி கொடுத்தாராம். தன் பிளாஸ்கிலிருந்து.

நீ உள்ளே இருந்ததாக எழுதியிருக்கிறாய். சாம்பல் நிறக் கோட்டு, பொத்தான், கையுறை எல்லாம் எழுதியிருக்கிறாய். வெகுதூரம் உள்ளே இருந்தவனுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

கல் என்னிடம் இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுக்க எனக்குத் தைரியம் வர வேண்டும்.

குளிரில் கவனமாக இரு.

அக்கா


1997 மார்ச் 16
ஹிதா

அசுசாவுக்கு,

உடல்நலம் விசாரிக்கும் வரி இங்கே வர வேண்டும். நாலைந்து தாள் கிழித்துவிட்டேன்.

கல்லை உன்னிடம் கொடுத்துவிட்டதாக அத்தை ஒரு வரி எழுதியிருந்தாள். அதை நீ எறிந்துவிட்டாலும் சரிதான்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு, சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்களைச் சுரங்கப்பாதைக்குள் நடக்கவிடுகிறார்கள். உள்ளே விளக்குப் போட்டிருக்கிறோம். பெண்களும் வரலாம். யார் வேண்டுமானாலும் வரலாம். ரிப்பன் வெட்ட ஒரிகாசா வருகிறாராம், நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்ளட்டும். நான் வெளியே, வாயிலில் நிற்பேன். காலையிலிருந்தே நிற்பேன். ரியோஹேயும் வரட்டும்.

மலைத் தெய்வம் பொறாமைப்படுவாள் என்பதெல்லாம் நாங்கள் சொல்லிக்கொள்வது. அவள் இதுவரை யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. இவாமாவிடம் இதைச் சொன்னேன். "அவ சொல்லலைங்க. நமக்கு வசதியா இருந்துச்சு" என்றார்.

காற்றில் இன்னும் குளிர் இருக்கிறது. கனத்த கோட்டாகப் போட்டுக்கொள்.

அப்பா


1997 ஏப்ரல் 8
தொயாமா

அப்பாவுக்கு,

இங்கே செர்ரி பூத்துவிட்டது. நீங்கள் நலமா? இருமல் இருக்கிறதா என்று அத்தை கேட்கச் சொன்னார்கள். நான் எழுந்து நடமாடுகிறேன். ரியோஹேய் நலம். உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

கல்லை எறியவில்லை. சில நாள் கையிலேயே வைத்திருந்தேன். பிறகு கனசாவாவுக்குப் போய் அம்மாவின் கல்லறையில் வைத்துவிட்டேன். குழந்தையும் அங்கேதான் இருக்கிறாள், அம்மாவின் பக்கத்தில். கல்லறையைத் திறந்தபோது நான் பிறந்தபோது நீங்கள் கொண்டுவந்த கல்லையும் பார்த்தேன். அது கறுப்பு. இது கொஞ்சம் பச்சை. ஒன்றாக வைத்தோம்.

அன்று நீங்கள் உள்ளே இருந்ததாக அத்தைக்கு எழுதியிருக்கிறீர்கள். அப்படியே இருக்கட்டும். அலுவலக ஜன்னலில் ஒரு இடத்தில் மட்டும் கண்ணாடி மூச்சுப்பட்டு மங்கியிருந்தது. நான் பஸ் ஏறும்வரை அந்த மங்கல் போகவில்லை. நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். போகும் வழியெல்லாம் அது போதும் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

நடக்கிற நாளுக்கு என்னால் வர முடியாது. வாயிலில் காத்து நிற்க வேண்டாம். சாலை திறந்த பிறகு மலைக்கு அந்தப் பக்கம் போகும் பஸ்ஸில் என்றைக்காவது ஒரு நாள் அந்த வழியாகப் போவேன். உங்களுக்குச் சொல்லாமல் போவேன்.

ஒரு விஷயம் என் வாயால் சொல்ல வந்தேன் என்று அத்தை எழுதியிருப்பார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் டாக்டர் பெண் குழந்தை என்று சொல்லியிருந்தார். முதலில் உங்களிடம் சொல்லலாம் என்று வந்தேன். ஆகவே விதிப்படி பார்த்தால் நீங்கள் உள்ளே விடாதது சரிதான், அப்பா. அன்று வாயிலில் நாங்கள் இரண்டு பேர் நின்றிருந்தோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊறுகாயைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அசுசா